மின் மோட்டாரும் அதனுடன் சேர்க்கப்படும் இயந்திர உறுப்புகளும்: ஒரு வரலாறு

மின் மோட்டாரின் இயக்கத்தை அதன் சுருள்களும் காந்தமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. தண்டில் பொருத்தப்படும் பற்சக்கரம், ஃபிளைவீல், இணைப்புக் கம்பி, சுருள்வில் ஆகிய ஒவ்வொன்றும் அந்த இயக்கத்தை மாற்றுகின்றன. மோட்டார் எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கும், எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும், எவ்வளவு சூடாகும், எந்த வேகத்தில் அதிரும் என்பவை அனைத்தும் இந்த உறுப்புகளைப் பொறுத்தே அமைகின்றன. மின் மோட்டார் ஆய்வகத்தை விட்டு வெளியேறித் தெருவிலும் சுரங்கத்திலும் இருப்புப்பாதையிலும் வேலைக்கு வந்த 1880-களுக்குப் பிறகுதான் இவ்வுண்மை முழுமையாகத் தெரியவந்தது. அதைப் பொறியாளர்கள் பெரும்பாலும் தோல்விகளிலிருந்தே கற்றுக்கொண்டனர்.

அடிப்படைகள்

சுழலும் எந்தப் பொருளுக்கும் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை உண்டு. இதன் அளவு நிலைமத் திருப்புத்திறன் எனப்படும். இது நிறையை மட்டுமன்றி, அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதன் இருமடியையும் பொறுத்தது. ஒரே நிறையுள்ள இரு சக்கரங்களில் ஒன்றின் விட்டம் மற்றதைப் போல் இரு மடங்கானால், அதன் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும்.

மோட்டார் தரும் திருப்புவிசையில் சுமையைத் தாங்கியது போக எஞ்சுவது மட்டுமே வேகத்தைக் கூட்டப் பயன்படும். நிலைமத் திருப்புத்திறன் அதிகமானால் வேகம் பிடிக்கும் நேரம் நீளும். நேர்மின்னோட்ட மோட்டாரில் இதற்கு ஒரு தனி விளைவு உண்டு. மோட்டார் சுழலும்போது அதன் சுருளில் எதிர் மின்னியக்கு விசை தோன்றி, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. நின்ற நிலையில் இந்த எதிர் விசை இல்லாததால் மின்னோட்டம் மிக அதிகமாக இருக்கும். ஆகவே மெதுவாக வேகம் பிடிக்கும் மோட்டார் நீண்ட நேரம் பெரும் மின்னோட்டத்தைச் சுமந்து சூடாகிறது.

தூண்டல் மோட்டாரிலும் இதை ஒத்த விதி உண்டு. மாறாத அதிர்வெண் கொண்ட மின்சாரத்தில், வேறு சுமை எதுவும் இன்றி, நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை அடையும்போது சுழலியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், சுழலும் உறுப்புகள் அனைத்தும் பெற்ற இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். தண்டில் சேர்க்கப்படும் சக்கரம் மொத்த நிலைமத் திருப்புத்திறனை இரு மடங்காக்கினால், ஒவ்வொரு தொடக்கத்திலும் சுழலியில் தோன்றும் வெப்பமும் இரு மடங்காகும். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தொடங்கினாலும் இந்த மொத்த வெப்பம் குறைவதில்லை. அது நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது.

ரிச்மண்ட், 1888: பற்சக்கரத்தின் பாடம்

அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் 40 டிராம் வண்டிகள் கொண்ட மின் டிராம் பாதை அமைக்க 1887-இல் ஒப்பந்தம் பெற்றார். பாதையின் நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அந்நகரின் சில தெருக்கள் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் அளவு செங்குத்தானவை. குதிரை வண்டிகளே திணறிய அந்த ஏற்றத்தில் மின் மோட்டார் ஏறுமா என்பது அன்று யாருக்கும் தெரியாது.

சோதனை ஓட்டம் ஒன்றில் வண்டி மேட்டில் ஏறிவிட்டது. ஆனால் மெதுவாக, பெரும் சுமையுடன் ஏறியதால் மோட்டார்கள் அளவு மீறிச் சூடாகிப் பழுதடைந்தன. சுற்றிக் கூடிய மக்களிடம் தோல்வியைக் காட்டிக்கொள்ள விரும்பாத ஸ்பிரேக், பழுதைச் சரிபார்க்கக் 'கருவிகள்' வரவேண்டும் என்று சொல்லி உதவியாளரை அனுப்பினார். அந்தக் கருவிகள் வண்டியை இழுத்துச் செல்ல வந்த கோவேறு கழுதைகள்.

மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பற்சக்கர அமைப்பை மாற்றியதே இதற்குக் கிடைத்த தீர்வு. ஒரு கட்டமாக இருந்த வேகக் குறைப்பு இரு கட்டமாக்கப்பட்டது. பற்சக்கர விகிதம் உயர்ந்தால் மோட்டார் வேகமாகச் சுழன்று, சக்கரம் மெதுவாக, ஆனால் அதிகத் திருப்புவிசையுடன் சுழலும். வேகமாகச் சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசையும் போதிய அளவு இருப்பதால் மின்னோட்டம் கட்டுக்குள் நிற்கும். 1888 பிப்ரவரியில் ரிச்மண்டில் முறையான சேவை தொடங்கியது. சில ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவும் ஸ்பிரேக்கின் முறையைப் பின்பற்றின.

மோட்டாரைப் பொருத்திய விதத்திலும் ஸ்பிரேக் ஒரு முக்கியமான ஏற்பாட்டைச் செய்தார். மோட்டாரின் ஒரு பக்கம் பேரிங்குகள் வழியாகச் சக்கர அச்சின் மீதே அமர்ந்திருந்தது. மறுபக்கம் சுருள்வில்லின் உதவியுடன் வண்டிச் சட்டத்தில் தொங்கியது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை ஒத்த இந்த அமைப்பில், சக்கரம் மேலும் கீழும் ஆடினாலும் பற்சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு மாறுவதில்லை. பற்கள் எப்போதும் சரியாகப் பொருந்தி நிற்கும். இதே வகைத் தொங்கல் இந்திய இரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-4, டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சின்களிலும் பயன்படுத்தப்பட்டது.

இலண்டன், 1900: பற்சக்கரம் இல்லாததன் விலை

பற்சக்கரத்துக்குக் குறைகளும் உண்டு. அது இரைச்சலிடும், தேயும், உராய்வில் ஆற்றலை வீணாக்கும். அதை விலக்கி மோட்டாரை நேரடியாக அச்சிலேயே அமைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. இலண்டனில் 1890-இல் திறக்கப்பட்ட சிட்டி அண்டு சவுத் இலண்டன் நிலத்தடி இரயில்பாதையின் சிறிய எஞ்சின்களில் ஆர்மெச்சர் சக்கர அச்சின் மீதே அமைக்கப்பட்டிருந்தது. 1900-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் இலண்டன் இரயில்பாதையும் பற்சக்கரமற்ற எஞ்சின்களையே தேர்ந்தெடுத்தது.

பற்சக்கரம் இல்லாத மோட்டார் சக்கரத்தின் குறைந்த வேகத்திலேயே சுழன்றாக வேண்டும். குறைந்த வேகத்தில் அதிகத் திருப்புவிசை தர அது பெரிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். சென்ட்ரல் இலண்டன் எஞ்சின் ஒவ்வொன்றும் 44 டன் எடை கொண்டது. அதில் 33 டன், சுருள்வில்லின் தாங்கல் இன்றி நேரடியாகச் சக்கரங்களின் மீது அமர்ந்திருந்தது. தண்டவாள இணைப்புகளின் மீது சக்கரம் ஏறி இறங்கும்போது இந்த 33 டன்னும் சேர்ந்து தண்டவாளத்தில் மோதியது.

சுரங்கப்பாதைக்கு மேலே இருந்த கட்டடங்கள் அதிர்ந்தன. குடியிருப்போரும் அலுவலகங்களும் புகார் கூறினர். பிரித்தானிய வணிக வாரியம் 1901-இல் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஒலியியல் ஆய்வில் புகழ்பெற்றவரும் பின்னர் 1904-இல் நோபல் பரிசு பெற்றவருமான இரேலி பிரபு அக்குழுவில் பணியாற்றினார்.

இரயில் நிறுவனம் இரு மாற்றுகளைச் சோதித்தது. ஒன்றில், சில எஞ்சின்கள் பற்சக்கரம் கொண்டவையாக மாற்றப்பட்டன. பற்சக்கரம் வந்ததும் மோட்டார் வேகமாகச் சுழலலாம். வேகமாகச் சுழலும் மோட்டார் அதே ஆற்றலுக்குச் சிறியதாக இருக்கலாம். எஞ்சினின் மொத்த எடையும் சுருள்வில் தாங்காத எடையும் சேர்ந்து குறைந்தன. அதிர்வும் பெருமளவு தணிந்தது. மற்றொன்றில், தனி எஞ்சினைக் கைவிட்டுப் பயணிகள் பெட்டிகளிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டன. இது இன்னும் நல்ல பலனைத் தந்தது. ஸ்பிரேக் உருவாக்கிய பல்பெட்டிக் கட்டுப்பாட்டு முறையுடன் 64 புதிய மோட்டார் பெட்டிகள் வாங்கப்பட்டு, 1903-க்குள் பழைய எஞ்சின்கள் பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன.

கூடுதலாக ஓர் உறுப்பைச் சேர்த்ததால் மொத்த அமைப்பு கனம் குறைந்தது என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எப்போதும் எளிமையாக்கல் ஆகாது என்பதை இது காட்டியது.

சுரங்கத் தூக்கியும் ஃபிளைவீலும்

ஆழமான சுரங்கத்திலிருந்து நிலக்கரியையும் ஆட்களையும் மேலேற்றும் தூக்கி இயந்திரம் மோட்டாருக்கு மிகக் கடினமான சுமை. கூண்டு புறப்படும்போது பெரும் ஆற்றல் தேவை. சீரான வேகத்தில் அதைவிடக் குறைவு. நிறுத்தும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிறிது இடைவெளியில் இந்தச் சுற்று மீண்டும் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்த சிறிய மின் நிலையங்கள் இத்தகைய திடீர் உச்சங்களைத் தாங்க இயலாதவை.

அமெரிக்கரான ஹாரி வார்டு லியோனார்டு 1891-இல் அறிமுகப்படுத்திய முறையில், ஒரு மோட்டார் ஒரு மின்னாக்கியைச் சுழற்றும். அந்த மின்னாக்கியின் புலச்சுருளை மாற்றுவதன் மூலம் தூக்கி மோட்டாரின் வேகமும் திசையும் நுட்பமாகக் கட்டுப்படுத்தப்படும். ஆனால் உச்சச் சுமை அப்படியே மின் நிலையத்தைச் சென்றடைந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் இல்க்னர் மோட்டாரையும் மின்னாக்கியையும் இணைக்கும் தண்டில் ஒரு கனத்த ஃபிளைவீலைச் சேர்த்தார். தூக்கி ஆற்றலைக் கேட்கும்போது ஃபிளைவீல் தன் வேகத்தைச் சிறிது இழந்து அதைத் தரும். ஓய்வில் மோட்டார் அதை மீண்டும் வேகப்படுத்தும். சுழலும் சக்கரத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வேகம் 15 விழுக்காடு குறைந்தாலே சேமித்த ஆற்றலில் சுமார் 28 விழுக்காடு வெளிவந்துவிடும்.

இந்த அமைப்பில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஃபிளைவீலின் இடம். அதைத் தூக்கி மோட்டாரின் தண்டில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பெருஞ்சக்கரத்தையும் நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும், தூக்கி மந்தமாகிவிடும். எப்போதும் ஒரே திசையில் சுழலும் மின்னாக்கித் தண்டில் வைத்ததால், அதே நிறை தடையாக இல்லாமல் துணையாக மாறியது.

இரண்டாவது, மோட்டாரின் குணம். சாதாரணத் தூண்டல் மோட்டார் சுமை ஏறினாலும் வேகத்தை அதிகம் விட்டுக்கொடுக்காது. வேகம் குறையாவிட்டால் ஃபிளைவீல் ஆற்றலைத் தர வழியே இல்லை. சுமை முழுவதும் மோட்டார் மீதே விழும். ஃபிளைவீல் வெறும் பாரமாகச் சுழன்றுகொண்டிருக்கும். இதற்காகச் சுழலியின் மின்சுற்றில் மின்தடை சேர்க்கப்பட்டு, சுமை ஏறும்போது மோட்டார் வேண்டுமென்றே வேகம் குறையுமாறு செய்யப்பட்டது. அதாவது, இயந்திர உறுப்பைச் சேர்ப்பது மட்டும் போதாது. அதற்கேற்ப மோட்டாரின் இயல்பையும் இளக்க வேண்டியிருந்தது.

மின்வழங்கல் திடீரென நின்றாலும், ஃபிளைவீலில் எஞ்சிய ஆற்றல் நடுவழியில் உள்ள கூண்டின் பயணத்தை முடிக்கப் பயன்பட்டது. ஆட்கள் ஏறி இறங்கும் சுரங்கத்தில் இது சிறிய நன்மையல்ல. எஃகுத் தகடுகளை முன்னும் பின்னுமாக உருட்டும் ஆலைகளிலும் இல்க்னர் முறை பரவியது. இங்கிலாந்தின் கல்ஹம் என்னும் இடத்திலிருந்த ஜெட் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடமும் இதே கருத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. அங்கு 775 டன் எடையுள்ள இரு சுழலிகள் நிமிடத்துக்கு 225 சுற்று வரை முடுக்கப்பட்டு, ஒவ்வொரு சோதனையின்போதும் சில விநாடிகளுக்குப் பேராற்றல் தந்தன.

இணைப்புக் கம்பிகளும் அதிர்வும்

தொடக்ககால மின் எஞ்சின்கள் பலவற்றில், பெரிய மோட்டார் ஒன்றோ இரண்டோ வண்டிச் சட்டத்தின் மீது வைக்கப்பட்டு, நீராவி எஞ்சின்களில் உள்ளதைப் போன்ற இணைப்புக் கம்பிகள் வழியாகச் சக்கரங்கள் இயக்கப்பட்டன. மோட்டாரின் எடை சுருள்வில்லின் மேல் இருந்ததால் இலண்டனில் நேர்ந்த சிக்கல் இங்கு இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் தோன்றியது.

தண்டுகளும் கம்பிகளும் முழு விறைப்பானவை அல்ல; அவை விசைக்கு ஏற்பச் சற்று முறுக்கி வளையும். ஆகவே மோட்டார், கம்பி, சக்கரம் ஆகியவை சேர்ந்து, ஒரு சுருள்வில்லால் இணைக்கப்பட்ட இரு கனத்த சக்கரங்களைப் போல நடந்துகொள்கின்றன. அவற்றுக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. விறைப்பு கூடினால் அது உயரும். நிலைமத் திருப்புத்திறன் கூடினால் தாழும்.

கம்பி இயக்கத்தில் இந்த விறைப்பே நிலையாக இருப்பதில்லை. ஒரு பக்கக் கம்பி அதன் வளைமுனையோடு நேர்கோட்டில் வரும் கணத்தில் திருப்புவிசை எதையும் கடத்த இயலாது. முழுச் சுமையும் மறுபக்கக் கம்பியின் மீது விழும். ஒவ்வொரு சுற்றிலும் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதால், சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப விறைப்பு ஏறி இறங்குகிறது. குறிப்பிட்ட வேகங்களில் இந்த ஏற்ற இறக்கம் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும்போது, வெளியிலிருந்து எந்த உதையும் இல்லாமலே அதிர்வு வளர்கிறது. பேரிங்குகளில் தேய்மானத்தால் ஏற்படும் இடைவெளி அதை மேலும் மோசமாக்கும். சுவிட்சர்லாந்தில் 1913-இல் திறக்கப்பட்ட லோட்ச்பெர்க் பாதையின் பெரிய எஞ்சின்கள் இத்தகைய குலுக்கலால் துன்புற்றவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இங்கு முதலில் தோன்றும் தீர்வு, கம்பிகளை இன்னும் தடிமனாக்குவது. அது பல நேரங்களில் ஆபத்தான வேகத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்துவதோடு நின்றுவிடும். பற்சக்கரத்தின் விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையே சுருள்வில்களைச் சேர்ப்பது பயன் தந்த ஒரு வழியாகும். இது அமைப்பை வேண்டுமென்றே இளக்கி, அதன் இயல்பு அதிர்வெண்ணை வழக்கமான ஓட்ட வேகங்களுக்குக் கீழே கொண்டுவருகிறது. சுருள்வில்களின் உராய்வு அதிர்வு ஆற்றலை உறிஞ்சுகிறது. பம்புகளிலும் அழுத்திகளிலும் இன்று காணப்படும் இரப்பர் இணைப்பிகளுக்கும் இதுவே அடிப்படை. பின்னர் ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார் என்ற முறை பரவியதால் கம்பி இயக்கம் மெல்ல மறைந்தது.

விகிதத்தின் இருமடி: நிலவிலிருந்து இயந்திரக் கை வரை

ரிச்மண்டில் திருப்புவிசையைப் பெருக்கிய பற்சக்கரத்துக்கு மற்றொரு விளைவும் உண்டு. வேகக் குறைப்பு விகிதம் பத்து என்றால் திருப்புவிசை பத்து மடங்காகும். ஆனால் நிலைமத் திருப்புத்திறன் விகிதத்தின் இருமடியில் மாறும். சுமையின் நிலைமம் மோட்டாருக்கு நூறில் ஒரு பங்காகத் தெரியும். மறுபக்கம் நின்று பார்த்தால், மோட்டார் சுழலியின் நிலைமம் நூறு மடங்காகத் தெரியும்.

1971 ஜூலையில் ஏவப்பட்ட அப்பல்லோ 15 பயணத்தில் முதன்முதலாக நிலவில் ஓடிய உலவு வண்டியின் ஒவ்வொரு சக்கரத்திலும் கால் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருந்தது. வால்டன் மஸ்ஸர் 1950-களில் உருவாக்கிய, வளையும் பற்சக்கரம் கொண்ட ஹார்மோனிக் டிரைவ் என்னும் அமைப்பு 80-க்கு 1 என்ற குறைப்பை அளித்தது. 80-இன் இருமடி 6,400. சக்கரத்தின் பக்கம் இருந்து பார்த்தால் அச்சிறிய சுழலி 6,400 மடங்கு நிலைமத்துடன் நின்றது. மெதுவாக ஓடும் வண்டிக்கு இது தடையாகவில்லை.

இயந்திரக் கைகளில் நிலைமை வேறு. உயர்ந்த விகிதம் கொண்ட கையை வெளியிலிருந்து தள்ளினால் அது எளிதில் அசையாது. ஒரு மனிதர் மீது மோதினால் சுழலியின் பெருக்கப்பட்ட நிலைமமும் சேர்ந்து தாக்கும். இதைத் தவிர்க்க, 1981-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹருஹிகோ அசாடாவும் டக்கேயோ கனாடேயும் மோட்டாரை மூட்டுடன் நேரடியாக இணைத்த இயந்திரக் கையை உருவாக்கினர். உராய்வும் பற்களின் தளர்வும் மறைந்தன. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் கனமான மோட்டார் தேவைப்பட்டது. இலண்டன் எஞ்சின்கள் எதிர்கொண்ட அதே பேரம், வேறொரு வடிவில் மீண்டும் வந்தது. நடக்கும் இயந்திரங்கள் சிலவற்றில் அகலமான மோட்டாரும் குறைந்த பற்சக்கர விகிதமும் சேர்ந்து பயன்படுத்தப்படுவது இவ்விரண்டுக்கும் இடையிலான சமரசமாகும்.

மதிப்பீடு

இந்நிகழ்வுகள் அனைத்திலும் மோட்டாரின் மின்னியல் தத்துவம் ஏறத்தாழ ஒன்றே. வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது, அதனுடன் என்ன இணைக்கப்பட்டது, எந்த இடத்தில் இணைக்கப்பட்டது என்பதே. ஒரே கனத்த சக்கரம் ஒரு தண்டில் காப்பாகவும், அடுத்த தண்டில் முட்டுக்கட்டையாகவும் அமைகிறது. ஒரே பற்சக்கரம் டிராம் வண்டியை மேடேற்றுகிறது. இயந்திரக் கையை முரடாக்குகிறது.

ஆகவே மோட்டாரோடு ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது பொறியியலில் வழக்கமாகிவிட்டது. மோட்டாரின் தண்டிலிருந்து பார்த்தால் மொத்த நிலைமம் எவ்வளவு, அதைத் தொடங்கி வைக்கும் வெப்பத்தை மோட்டார் தாங்குமா என்பது முதலாவது. புதிய உறுப்பால் மாறும் இயல்பு அதிர்வெண், மோட்டார் ஓடும் வேகங்களுக்கு அருகில் வருகிறதா என்பது இரண்டாவது. சேர்க்கப்பட்ட எடையை யார் சுமக்கிறார்கள், அச்சா, சட்டமா, அல்லது பாதைக்கு மேலே குடியிருப்பவர்களின் வீடுகளா என்பது மூன்றாவது. இலண்டன் மக்களின் புகார்கள் எழுப்பியது இந்த மூன்றாவது கேள்வியையே.